இரவற் குரலும் சொந்தக் குரலும்

மைசூரில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் கன்னட நடிகர் ராஜ்குமாரை அயலாராகக் கருதுதல் பொருந்தாது. 1929-இல் அவர் முத்துராஜ் என்னும் பெயருடன் பிறந்த காஜனூர், இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. தந்தை புட்டசாமையாவுடன் குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் வளர்ந்தார். பாட அறியாதவனுக்கு அந்நாளைய மேடையில் நாயக வேடம் ஏது?

1954-இல் எச். எல். என். சிம்ஹா அவருக்கு ராஜ்குமார் எனப் பெயரிட்டு, 'பேடர கண்ணப்பா'வில் கதாநாயகனாக்கினார். கதை, நாம் நன்கறிந்த கண்ணப்ப நாயனாருடையதே. 1966-இல் மந்திராலயத்து ராகவேந்திரர், 1968-இல் துப்பாக்கி ஏந்திய ஒற்றர், 1970-இல் கிருஷ்ணதேவராயர் என வேடங்கள் விரிந்தன. படங்கள் இருநூற்றைக் கடந்தன.

ஆயினும் திரையில் அவருக்காகப் பெரும்பாலும் ஒலித்தது, தமிழ்ப் பாடல்களால் நமக்கும் அறிமுகமான பி. பி. ஸ்ரீநிவாஸின் குரல்! அக்குரல் எத்துணை இனிதாயினும், மேடையில் பாடி வளர்ந்த நடிகர்க்கு இரவல் இரவல்தானே? 1974-இல் 'சம்பத்திகெ சவால்' படத்தில் எருமைமீது அமர்ந்து வரும் காட்சிக்கு அவரே பாடினார். அதன்பின் தம் பாடல்களைத் தாமே பாடலானார்.

1976-இல் நம் மைசூர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 'ஜீவன சைத்ர' படத்தில் பாடியமைக்காக, 1992-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகர் என்னும் தேசிய விருதும் கிட்டியது. அப்போது அவர் அகவை அறுபதைக் கடந்திருந்தது.