பி.எஸ்ஸி.யிலிருந்து பி.இ.க்கு

(நந்தனத்தில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். "சார், பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன், இனிமே என்ஜினீயர் ஆக முடியுமா?" என்று காலையிலிருந்து மூணு பேர் கேட்டாச்சு. முடியும். லேட்டரல் என்ட்ரி என்று பெயர். பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்து, எந்தெந்தப் பாடம் செல்லும் என்று முன்கூட்டியே பார்த்து, பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு பாடமாகக் கணக்கு. நம்ம ஊரில் அப்படி இல்லை. நீங்கள் எத்தனை பேப்பர் எழுதியிருந்தாலும் ஒரே ஒரு வருஷம்தான் கழியும்.

தகுதி என்ன? பி.எஸ்ஸி.யில் 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். இந்த இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கிறாங்க. பிளஸ் டூவில் கணக்கை விட்டவர் கல்லூரியில் கணக்கில் நூறு வாங்கினாலும் இந்த வாசல் திறக்காது. பி.சி.ஏ. படிப்பவர்கள் விதிமுறையை முதலிலேயே விசாரித்துக் கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு இன்னொரு சுமை உண்டு. பி.எஸ்ஸி.யிலிருந்து வருபவர்கள் முதலாண்டுப் பாடங்களான என்ஜினீயரிங் கிராபிக்ஸ், மெக்கானிக்ஸ் இரண்டையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்துத் தேற வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. டிராஃப்டர் பிடித்தே பழகாதவனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆகவே இப்போதே திட்டமிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் செமஸ்டரை எடுத்துப் பாருங்கள்: டிஸ்கிரீட் மேதமேடிக்ஸ், டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். பாதி உங்கள் பி.எஸ்ஸி.யிலேயே வரும். வராதது கால்குலஸும் மேட்ரிக்ஸும். துணைப்பாடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் 'ஈஸி பேப்பர்' பக்கம் போகாமல் கணிதத்தை எடுங்கப்பா.

காலத்தையும் கணக்குப் போடணும். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போன பையனுக்கு டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, ஆக ஆறு வருஷம். பிளஸ் டூ போய் நேரே பி.இ. படித்தவனுக்கும் அதே ஆறுதான். தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் பையன் எதையும் இழக்கவில்லை! ஆனால் நீங்கள் பிளஸ் டூவுக்குப் பிறகே ஆறு வருஷம் செலவழிக்கிறீர்கள். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருஷம். ஐந்தில் முதுநிலைப் பட்டம் கையில் இருக்கும். சாஃப்ட்வேர் வேலைதான் குறி என்றால், வீட்டில் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றால், என் ஓட்டு எம்.சி.ஏ.வுக்கே. ஹார்டுவேர், சிப் டிசைன் என்று மனசு போனால் பி.இ.க்குப் போங்கள்.

லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங்கை காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வந்திருக்கிறது. அறிவிப்பு வரும்போது பிளஸ் டூ மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். அரியரும் இருக்கக் கூடாது. மேலும் சந்தேகம் உள்ளவர்கள் டீ இடைவேளையில் என்னைப் பிடியுங்கள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.