குழந்தைகள் எழுத்தறியும் விதம்



கணக்குப் பார்க்க வந்தவன் அரிச்சுவடியைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். ஒரு கிராமத்தில் நான் பரிசோதனை செய்தபோது, ஓர் அங்கத்தினர் செலுத்திய தவணை பதினைந்து ரூபாய், அவரது பாஸ் புஸ்தகத்தில் ஐந்து ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது. எட்டு மாத காலம் அப்புஸ்தகம் அவர் வீட்டு மாடத்திலேயே இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் கைநாட்டு வைப்பவர். அவருடைய குமாரனோ பாடசாலைக்குச் செல்பவன். அச்சிறுவன் என் முன்னே "அ" முதல் "ன" வரை ஒரே மூச்சில் ஒப்பித்தான். "ஐந்து" என்னும் சொல்லின் முதலெழுத்தைத் தொட்டுக்காட்டி, இது யாது என வினவினேன், விழித்தான். சங்கப் பேரேட்டில் சரியான தொகை இருந்தபடியால் பிழை திருத்தப்பட்டது. இல்லாவிடில் அந்த ஓர் எழுத்தின் விலை பத்து ரூபாயாகியிருக்கும்.

ஒப்பித்தல் செவியின் வேலை; எழுத்தை இனங்காணுதல் கண்ணின் வேலை. மாடு எத்திசை நோக்கி நின்றாலும் மாடே என்று குழந்தை பழகியிருக்கிறது. எழுத்து அப்படியன்று, திசை மாறினால் எழுத்தே கெடும். ஆகையால் நான்கைந்து வயதுக் குழந்தை இடவலம் மாற்றி எழுதினால், மந்தபுத்தி என்று அடிக்கலாகாது. பழக்கத்தில் அது தானே நீங்கும்.

தமிழில் எழுத்துக்கள் 247 என்று அஞ்ச வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; மற்றைய 216-ம் இவற்றினின்று பிறப்பனவே. கால், கொம்பு முதலிய குறிகளை அறிந்தால் பெரும்பாலானவை வசப்படும். உகர ஊகார வரிசைகளை மட்டும் தனியே பழக்குக. வடிவில் எளியவற்றை முன்னே கற்பியுங்கள். "ட"வுடன் ஒரு கோடு கூட்டினால் "ப". அதன் வலக்கோட்டை உள்ளே வளைத்தால் "ம". இம்மூன்றும் புள்ளியும் தெரிந்த குழந்தை படம், மடம், பட்டம் என்று அன்றே வாசிக்கும். தன் பெயரின் முதலெழுத்தையும் அது விருப்பத்துடன் கற்கும். "ண", "ன" போன்று மயங்குவனவற்றை ஒரே நாளில் புகட்டாதீர்கள்.

விரலால் மணலில் எழுதும் நம் பழைய முறையை இகழ வேண்டாம். கண் கண்டதைக் கை உறுதி செய்கிறது. 1789-ம் வருஷத்தில் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனை ஏற்படுத்தினார். 1797-ல் இங்கிலாந்தில் அம்முறையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

அங்கத்தினர்களே! தினந்தோறும் பத்து நிமிஷம் குழந்தையுடன் உட்காருங்கள். எழுத்தறியாத தகப்பனாரும் இதனைச் செய்யலாம். பாஸ் புஸ்தகத்தை எடுத்து, வரிசையாக அன்றி நடுவே ஓர் எழுத்தைத் தொட்டு, "இது என்ன?" என்று கேளுங்கள். குழந்தை சொல்வதைத் தாங்களும் மணலில் எழுதிப் பாருங்கள். கைநாட்டு வைத்த விரலே ஒருநாள் கையொப்பம் இடும்.