ஒரே புத்தகம், மூணு பாடம், ஒரு கரிமூட்டம்

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு திருச்சுழி பக்கத்துல இருந்து சித்தப்பா பொண்ணு போன் பண்ணினா. "அண்ணே, அறிவியல்ல 91. எந்த குரூப் எடுக்கட்டும்?"

நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். கம்ப்யூட்டர் குரூப்னு சொல்லுவேன்னு அவ எதிர்பார்த்திருப்பா. வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. ஏன்னு சொல்றேன்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்துல பத்தாவது வரைக்கும் அறிவியல் ஒரே பாடம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. பல கிராமத்துப் பள்ளிகள்ல நடத்துறவரும் ஒருத்தர்தான். ஆனா அவர் பட்டம் வாங்கினது மூணுல ஏதோ ஒண்ணுலதான்.

எங்க சார் இயற்பியல்காரர். லென்ஸ், மின்சுற்று எல்லாம் அவர் நடத்தினா மறக்காது. உயிரியல் வந்தா மட்டும், "இந்தப் படம் வரும், இந்தக் கேள்வி வரும், மனப்பாடம் பண்ணிக்கோங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரும் அதை ஒழுங்கா சொல்லித்தரல. ஆனா உயிரியல்னாலே மனப்பாடம்னு 15 வயசுல நான் முடிவு பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் குரூப்புக்குப் போனேன். அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. இருந்தாலும் அதை நான் தேர்ந்தெடுத்தேன்னு சொல்ல முடியாது. இன்னொரு கதவு இருந்ததே எனக்குத் தெரியல.

எங்க சித்தப்பா கரிமூட்டம் போடுறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் மூடி, மண்ணு பூசி, தீ வைப்பார். முதல்ல வெள்ளைப் புகை வரும். அது விறகுல இருக்கிற தண்ணி ஆவியாகிப் போறது. அந்தத் தண்ணி போகாம விறகு மேற்கொண்டு சூடேறாது. இது இயற்பியல். மண்ணு பூசினதால காத்து பத்தாது, விறகு எரிஞ்சு சாம்பலாகாம சிதைஞ்சு கரியாகுது. இது வேதியியல். சரி, அந்தக் கரி எங்கிருந்து வந்துச்சு? மழை பெய்யாத கரிசல்லயும் ஆழமா வேர் விட்டு நின்ன ஒரு மரம், காத்துல இருந்த கார்பனை ஒளிச்சேர்க்கையில பிடிச்சு வச்சது. இது உயிரியல்.

சித்தப்பா பத்தாவது தாண்டல. புகை நீலமா மெலிஞ்சா எந்த ஓட்டையை அடைக்கணும்னு அவருக்குத் தெரியும். பாடத்தை மூணாப் பிரிச்சது நம்மதான், மூட்டத்துல அது ஒண்ணாத்தான் கிடக்கு.

தங்கச்சிகிட்ட இதைத்தான் சொன்னேன். கம்ப்யூட்டர் குரூப் எடுத்தா இன்ஜினியரிங் போகலாம், மருத்துவம், நர்சிங் பக்கம் போறது கஷ்டம். தாவரவியல், விலங்கியல் இருக்கிற குரூப்ல கணிதம் இல்ல, அதனால இன்ஜினியரிங் போச்சு. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்ல ரெண்டு கதவும் திறந்திருக்கும், பாரமும் அதிகம். ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சா மருத்துவத்துல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல இருந்து இருக்கு. ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியிலதான் இருக்கா, அதை இப்ப விட்டுடக் கூடாது.

சிக்கல் என்னன்னா, அவ பள்ளிக்கூடத்துல அந்த குரூப்பே கிடையாது. அருப்புக்கோட்டைக்குப் போகணும். பஸ் பாஸ் இலவசம், ஆனா காலையில அந்த ஒரு பஸ்ஸை விட்டா அவ்வளவுதான்.

சித்தப்பாகிட்ட பேசினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அந்தப் படிப்புல நம்ம மூட்டத்தைப் பத்தியெல்லாம் வருமா?"ன்னார்.

"மூணு பாடத்துலயும் வரும் சித்தப்பா."

"சரி, பஸ் எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டார்.

உங்க வீட்டுல பத்தாவது முடிச்ச பிள்ளை இருந்தா, மார்க்கைக் கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: மூணுல எதை உனக்கு யாருமே சரியா சொல்லித்தரல? அதுக்கப்புறம் குரூப்பை முடிவு பண்ணலாம்.