பறையும் உடல்நலமும்
(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

ஆட்டக்கலையும் உடல்நலமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். உடற்கல்வி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆதலின் பொருள் எனக்குப் புதிதன்று. ஆயினும் ஒன்றை முன்னரே கூறிவிடுதல் நலம். கழக முற்றத்தில் மாலைதோறும் பறையாட்டம் பயிற்றவேண்டும் என்று இளைஞர் சிலர் செயற்குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கின்றனர். மூத்தோர் சிலர் அதனைக் கடுமையாக மறுத்திருக்கின்றனர். அவ்வழக்கைத் தொடாமல், ஆட்டத்தின் நன்மைகளை மட்டும் அடுக்கிச் சொல்லிவிட்டு மாலை மரியாதையோடு நான் ஊர் திரும்பலாம். அவ்வாறு செய்ய எனக்கு மனம் இல்லை.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவோம். "விடிந்தது முதல் அடையும் வரை கழனியில் பாடுபடுகிற உடம்புக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நாற்று நடுகின்ற தாய் பொழுதெல்லாம் குனிந்தே நிற்கிறாள். அவளுடைய முதுகு பின்புறம் வளைவதற்கு அவ்வேலையில் இடமே இல்லை. மூட்டை சுமப்பவர்க்கு ஒரு தோளே தேய்கிறது. கூலிக்காகச் செய்யும் வேலை, உடம்பின் சில உறுப்புகளை அளவுக்கு மீறி வாட்டிவிட்டு, மற்றவற்றை வாளா விட்டுவிடுகிறது. எல்லா உறுப்புகளையும் ஒழுங்குபட அசைத்து, இளைப்பு வந்தபோது நிறுத்திக்கொள்ளும் உரிமை பயிற்சியில்தான் உண்டு.

மேலும், நம் பிள்ளைகள் இன்று கழனியில் மட்டும் இல்லை. கணிப்பொறியின் முன்னும், பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலும், போட்டித் தேர்வுக்கான புத்தகக் குவியலின் நடுவிலும் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கின்றனர். செல்வர்க்கு வரும் நோய் என்று ஒரு காலத்தில் நாம் எண்ணிய நீரிழிவு நம் தெருவுக்கும் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. பள்ளியிலோ, உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடனாகப் பெறுவதும், பெற்ற கடனைத் திருப்பித் தராததும் ஊரறிந்த செய்தி!

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் மேற்கொள்ள வேண்டும் என்றும், 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஓட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றோ, பணம் கட்டிச் சேரும் உடற்பயிற்சிக் கூடமாகத்தான் இருக்க வேண்டும் என்றோ அது சொல்லவில்லை. ஆட்டமும் கணக்கில் சேரும்.

ஆட்டத்தில் உடம்புக்குள் நிகழ்வது என்ன? தசை சுருங்கி விரியும்போது குருதியிலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரிவரச் செயற்படாதவரிடத்தும் இது நிகழ்கிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் இறுகி, காலில் தேங்கிய குருதியை மேல்நோக்கித் தள்ளுகிறது. குதித்து ஊன்றும்போது எலும்பின்மேல் விழும் பாரம் அதனை உறுதியாக்குகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவது இயல்பாதலால், தாய்மார்கள் இதனைக் கருதவேண்டும். இவை ஓட்டத்திலும் ஓரளவு கிடைப்பவையே. தாளத்திற்கேற்ப அடிவைப்பதையும், அடுத்த அடி எது என்று நினைவில் வைப்பதையும், பக்கத்தில் ஆடுபவரைப் பார்த்து இணைவதையும் ஓட்டம் கேட்பதில்லை, ஆட்டம் கேட்கிறது. அங்கே மூளைக்கும் வேலை உண்டு.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயது கடந்த 469 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்த ஆய்வொன்று 2003-இல் வெளியாயிற்று. உடலியக்கங்கள் பலவற்றுள்ளும் ஆட்டம் ஒன்றே, முதுமையில் அறிவு மங்கும் நோய் குறைந்திருப்பதோடு தொடர்புற்றிருந்தது. நூல் படிப்பதும் இசைக்கருவி வாசிப்பதும் அத்தகைய தொடர்பைக் காட்டின. ஆட்டம்தான் நோயைத் தடுத்தது என்று இதனைக் கொண்டு அறுதியிட இயலாது. நலமுடையவர்களே ஆடியிருக்கவும் கூடும். எனினும் கருவியை வாசித்துக்கொண்டே ஆடுகின்ற கலை ஒன்று நம்மிடம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். அதே நகரின் புரூக்ளின் பகுதியில், கை நடுங்கி நடை தளரும் பார்க்கின்சன் நோயாளர்க்காக மார்க் மாரிஸ் நடனக் குழுவினர் 2001-இல் ஆட்ட வகுப்பு தொடங்கினர். அம்முறை பிற நாடுகளுக்கும் பரவியிருக்கிறது.

இனிப் பறைக்கு வருவோம். மரத்துண்டுகளை இணைத்த வளையத்தில் தோலை ஒட்டி, தீயில் காய்ச்சி, இடத்தோளில் மாட்டிக்கொள்கிறோம். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய மூங்கிற் சிண்டுக்குச்சி. இரு கைக்கும் இருவேறு வேலை. கால்களுக்கு மூன்றாவது வேலை. முன்வைத்துப் பின்வாங்கி, குந்தி எழுந்து, துள்ளித் திரும்பி, முதுகை முன்னும் பின்னும் வளைத்து ஆடுகின்றோம். தோள், இடை, தொடை, கணுக்கால் என எதுவும் விடுபடுவதில்லை. என் பணிக்காலத்தில் பல பயிற்சி முறைகளைக் கற்பித்திருக்கிறேன். மூச்சையும் தசையையும் கவனத்தையும் ஒருங்கே வேலை வாங்குவதில் இதனை விஞ்சியதை நான் கண்டதில்லை. ஒயிலாட்டமும் கும்மியும் கோலாட்டமும் நல்லவையே. முழங்கால் நோவுடையவர்க்கு மெல்லிய கும்மியே ஏற்றது.

இவ்வளவும் உண்மையாயிருந்தும் மூத்தோர் ஏன் மறுக்கின்றனர்? அவர்களுடைய மறுப்பை அறியாமை என்று எந்த இளைஞனும் எண்ணிவிடக் கூடாது. சாவு வீட்டு வாசலிலும், திருவிழாச் சாட்டிலும், ஊரார் ஏவியபோதெல்லாம் பறையடித்தாக வேண்டும் என்பது நம்மேல் சுமத்தப்பட்ட கட்டளை. கூலி பெரும்பாலும் கள்ளும் சோறும். மறுத்தால் அடியும் விலக்கும். மராட்டியத்தில் மகர் மக்கள்மீது சாவுச் செய்தி சுமந்து செல்வது உள்ளிட்ட ஊழியங்களைச் சுமத்திய வதன் முறையை எதிர்த்து, அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அந்த வழியில் நின்றுதான் நம் முன்னோர் பலர் பறையைத் தூக்கி எறிந்தனர். அவர்கள் எறியாதிருந்தால் இந்தக் கல்விக் கழகமும் இல்லை. இந்த மேடையும் இல்லை. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022-இல்தான். கட்டளை எவ்வளவு நீண்ட காலம் நின்றது பாருங்கள்.

ஆனால் அவர்கள் எறிந்தது எதனை? ஏவலையும் இழிவையும் எறிந்தார்கள். அதனோடு சேர்ந்து, நம் உடம்பு அறிந்திருந்த ஒரு வித்தையும் கைநழுவிப் போயிற்று. ஏவலுக்கு அடிப்பதும் விரும்பி ஆடுவதும் ஒன்றல்ல.

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரேசில் நாட்டில் ஆப்பிரிக்க அடிமைகள் வளர்த்த கப்போயிரா என்னும் ஆட்டம், தற்காப்புக் கலையும் ஆகும். அடிமைமுறை ஒழிந்த இரண்டே ஆண்டில், 1890-இன் தண்டனைச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. மெஸ்த்ரே பிம்பா என்னும் கறுப்பின ஆசான் 1932-இல் அதற்கென ஒரு பள்ளி தொடங்கி, ஒழுங்கான உடற்பயிற்சியாக அதனைக் கற்பித்தார். 1937-இல் அப்பள்ளி அரசின் அங்கீகாரம் பெற்றது. 2014-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் அக்கலை சேர்ந்தது. இங்கும் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசான் 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விருதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சாவு வீட்டுக்கு ஏவும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருக்கும் வரை, மூத்தோரின் ஐயத்திற்கும் காரணம் இருக்கும்.

ஆதலால் விண்ணப்பத்தை ஏற்கவேண்டும் என்றும், சில வரையறைகளோடு ஏற்கவேண்டும் என்றும் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஐந்து மாலை, பாடம் தொடங்குமுன் அரைமணி. கூட்டினால் 150 நிமிடம் ஆகிறது. பெண்பிள்ளைகளுக்குச் சம இடம் வேண்டும். அவர்கள் பார்வையாளராக ஓரத்தில் நிற்க, ஆண்கள் மட்டும் ஆடுவதானால் என் ஆதரவு இல்லை. தொடக்கத்தில் உடம்பைச் சூடேற்றவும் முடிவில் தளர்த்தவும் ஐந்தைந்து நிமிடம் ஒதுக்குக. நெஞ்சு நோவு, தலைச்சுற்றல் உள்ளோரும், நெடுநாள் உடலியக்கமின்றி இருந்த நடுவயதினரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஆடவேண்டும். அடைத்த மண்டபத்தில் பல பறைகளை ஒலிக்கச் செய்யாதீர்கள். திறந்த முற்றமே தகும், இல்லையேல் காது கெடும். ஆடும் இடத்தில் மது வாடை கூடாது.

இன்னும் ஒன்று. வகுப்பு தொடங்கிச் சில மாதம் சென்றதும், "உங்கள் பிள்ளைகள்தாம் நன்றாக அடிக்கிறார்களாமே, எங்கள் வீட்டுச் சாவுக்கு அனுப்புங்கள்" என்று யாரேனும் கேட்டு வரலாம். அப்படி வருவோர்க்கு என்ன விடை சொல்வது என்பதை அன்றைக்கு யோசிக்கக் கூடாது. கழகத்தின் மாணவர் எவரும் ஏவலுக்கோ கூலிக்கோ பறையடிக்க அனுப்பப்பட மாட்டார் என்று இப்போதே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மறுப்புத் தெரிவித்த மூத்தோரையே முதற் கையொப்பம் இடச் செய்யுங்கள். அதன்பின் முற்றத்தைத் திறந்துவிடலாம்.