ஓட்டுக்கும் எடை உண்டு

 

ஓட்டை ஒழுங்காக எண்ணிவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள், ஐஸ்லாந்து நாட்டின் 1931 தேர்தலைப் பார்க்க வேண்டும்.

மீன்பிடித் தொழிலை நம்பி ஜனங்கள் ரெய்க்யாவிக் நகரில் குடியேறிக் கொண்டிருந்த காலம் அது. தொகுதிகளோ பழைய கிராமக் கணக்கிலேயே கிடந்தன. நாட்டில் நாலில் ஒருவர் தலைநகர்வாசி. 42 இடங்களில் அந்நகரத் தொகுதிக்கு நான்கே நான்கு! வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே கடையில் இரண்டு எடைக்கல்!

இதைத் திருத்த எதிர்க்கட்சிகள் இரண்டும் கைகோத்தன. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. பிரதமர் ட்ரிக்வி தோர்ஹல்சன் என்ன செய்தார்? ஓட்டெடுப்புக்கு முன்பே, ஏப்ரல் 14-ல், மன்னரின் ஆணையைக் காட்டி அவையைக் கலைத்தார். மன்னர் இருந்ததோ டென்மார்க்கில்! தலைநகர மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

ஜூன் 12-ல் தேர்தல். சுதந்திரக் கட்சிக்கு நூற்றுக்கு 44 ஓட்டு. பிரதமரின் முன்னேற்றக் கட்சிக்கு 36 தான். அவையில் பலம்? கலைப்புக்கு உட்படாத 6 உறுப்பினர்களையும் சேர்த்து, 44 வாங்கியவர்களுக்கு 15 பேர்; 36 வாங்கியவர்களுக்கு 23 பேர்!

எதிர்க்கட்சிகள் சோர்ந்து உட்காரவில்லை. மேலவையில் தங்களுக்கிருந்த பலத்தால் பட்ஜெட்டை மறித்தார்கள். 1932-ல் பிரதமர் விலகினார். அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. ஓட்டு வயது 25-லிருந்து 21 ஆனது. உதவித்தொகை வாங்கியதற்காக ஓட்டிழந்திருந்த ஏழைகளுக்கும் உரிமை வந்தது. ஓட்டுக்கும் இடத்துக்குமுள்ள ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட 11 இடங்கள் வரை ஒதுக்கினார்கள்.

1934 தேர்தலில், 1931-ல் நான்கு பேரோடு இருந்த சமூக ஜனநாயகக் கட்சி பத்துப் பேரோடு அவைக்குள் வந்தது. ட்ரிக்வி தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்.