செல்போனும் வளரும் பிள்ளைகளும்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளைக செல்போனைக் கீழ வைக்க மாட்டேங்குதுக, அதைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்த விஷயத்தில் நம் மதுரைக்கு நாட்டிலேயே ஒரு தனி இடம் உண்டு. 2017 ஆகஸ்டில் இங்கே ஒரு கல்லூரி மாணவரின் மரணம் 'புளூ வேல்' என்ற விபரீத விளையாட்டோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தானாகவே முன்வந்து விசாரித்தது. 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டதும் இதே மதுரைக் கிளைதான். மூன்றே வாரத்தில், ஏப்ரல் 24-இல், அந்தத் தடை நீங்கியது. 2020 ஜூனில் மத்திய அரசே டிக்டாக்கை நிறுத்தியது. செப்டம்பரில் பப்ஜியும் போனது. போய் என்ன? டிக்டாக் இடத்துக்கு ரீல்ஸ் வந்தது. பப்ஜி இடத்துக்கு 2021-இல் பி.ஜி.எம்.ஐ. வந்தது. பையன் அதே பாயில், அதே மூலையில்தான் படுத்திருக்கிறான்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடக்கூடாது, இரவு 12 முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த வகை ஆட்டங்களையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் காசில்லாமல் ஆடுகிற ஆட்டத்துக்கும், விடிய விடியப் பார்க்கிற ரீல்ஸுக்கும் அந்தப் பன்னிரண்டு மணிக் கதவை யார் சாத்துவது? வீட்டில் இருக்கிற நாம்தான்.

"நாங்களும்தான் கெட்ட பழக்கத்தோட வளர்ந்தோம், உருப்படலையா?" என்று நண்பர்கள் சிலர் கேட்பார்கள். உண்மைதான். டெக் வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்! ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கேசட் முடிந்துவிடும். காலையில் டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்கம் தியேட்டரில் படம் முடிந்தால் விளக்கைப் போட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் பொழுதுபோக்குக்கு ஒரு முடிவு இருந்தது. ரீல்ஸுக்கு அது கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்; அடுத்து வருவது நல்லதா சொத்தையா என்று தெரியாது. அந்தத் தெரியாத்தனம்தான் இழுக்கிறது. பெரியவர்களுக்கே விட முடியவில்லை, பதினாலு வயசுப் பிள்ளைக்கு எப்படி முடியும்?

ஆகவே முடிவை நாம் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பி.ஜி.எம்.ஐ. போன்ற ஆட்டத்தில் ஒரு மேட்ச்சில் நூறு பேர் இறங்குவார்கள். முடிய ஏறக்குறைய அரை மணி நேரம். நடுவில் நிறுத்தி வைக்க வழி இல்லை. நாலு பேர் குழுவாக ஆடும்போது இவன் எழுந்து போனால் மற்ற மூன்று பேரிடமும் திட்டு வாங்குவான். அந்த நேரம் பார்த்து அம்மா "இப்பவே சாப்பிட வா"ன்னு கூப்பிட்டா சண்டைதான் வரும். "இந்த மேட்ச் முடிஞ்சதும் வந்துரணும், அடுத்தது கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

அந்த ஆட்டம் 2021-இல் வந்தபோது, 18 வயதுக்குள் இருந்தால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான், பெற்றோர் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்றெல்லாம் விதி வைத்தார்கள். ஓ.டி.பி. வர்ற அம்மா போனே பையன் கையிலதான் இருக்கு, என்ன செய்ய!

அடுத்தது ராத்திரி. பகலில் ஒரு மணி நேரம் கூடக் குறையப் போனாலும் பரவாயில்லை, தூக்கம் கெடக்கூடாது. ஒன்பதரை மணிக்கு எல்லா போனும் ஹாலில் டி.வி. பக்கத்தில் சார்ஜுக்குப் போகட்டும். எல்லா போனும் என்றால் அப்பா போனும்தான். "அலாரம் வைக்கணும்பா" என்பான். ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுங்கள். "வாட்ஸ்அப்ல ஹோம்வொர்க் வரும்" என்பாள். எட்டு மணிக்குள் எழுதிக்கொள்ளட்டும். இந்தப் பேச்சை போன் வாங்கித் தருவதற்கு முன்பே பேசிவிடுவது உத்தமம். கொடுத்துவிட்டு ஒரு நாள் கோபத்தில் பிடுங்கி உடைத்தால் அன்றைக்கு ஜெயிப்போம், அவ்வளவுதான். மறுநாள் பையன் சிநேகிதன் போனில் ஆடுவான், நம்மிடம் பேச மாட்டான்.

போனை வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? அந்த நேரத்தில் பிள்ளை எங்கே போகும்? ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது. 2023 ஜூலையில் புது நத்தம் ரோட்டில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளில் இருந்து தினமும் வந்து போக முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஊர்ப் பொட்டலில் கபடி இருக்கிறது. ஆனால் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஆறு மணிக்கு மேல் வாசலில் நிற்காதே என்கிறோம், சிநேகிதி வீட்டுக்குப் போகாதே என்கிறோம், அப்புறம் "எந்நேரமும் போன்தானா?" என்று கேட்கிறோம். அவளுக்குத் தெருவும் திண்ணையும் அதுதானே? இதைத் தகப்பன்மார் யோசிக்க வேண்டும்.

லீவில் பத்து நாள் ஆடினால் அது வியாதி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த நினைத்தாலும் முடியாமை, படிப்பு, சாப்பாடு, உறவு எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஓராண்டு காலம் நீடித்தால்தான் நோய் என்கிறார்கள். அதற்காக ஓராண்டு காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடம் போக மறுத்தால், தூக்கம் தலைகீழாக மாறினால், சாவைப் பற்றிப் பேசினால், அன்றைக்கே ஆள் பாருங்கள். நம் ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். பையன் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் இங்கேயேதான் இருப்பேன். தனியாகக் கேட்க வேண்டியதை அப்போது கேளுங்கள்.