பால் குடித்தால் வயிறு பொருமுகிறதா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் நம்ம குழு உறுப்பினர் ஒருத்தர் வீட்டில் கூட்டம் போட்டோம். குழுக் கடனில் வாங்கின மாடு கன்று போட்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஆளுக்கொரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தாங்க. ஒரு அக்கா மட்டும் வேண்டாம்னு தள்ளி வைத்துவிட்டார். "எங்க வீட்டுப் பால்னா தொண்டையில இறங்காதோ?" என்று பேச்சு வந்து, அந்த அக்கா அழுதே விட்டார். பிறகுதான் சொன்னார். பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடான்னு சத்தம் போட்டு, ஒரு மணி நேரத்தில் வெளிக்குப் போக வேண்டி வருமாம். இத்தனை வருஷமாக வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. நாமும் அவரைத் தப்பாகத்தான் நினைத்தோம்.

இது திமிரும் இல்லை, தொத்து வியாதியும் இல்லை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. 200 மில்லி பாலில் சுமார் 10 கிராம். அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற பொருள் நம் சிறுகுடலில் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது நிறைய இருக்கும். பால் மறந்த பிறகு பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும். இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். வாயு, வலி, பேதி எல்லாம் அதனால் வருவது. வட இந்தியாவைவிட நம் தென்னிந்தியாவில் இது அதிகம்.

இதற்காகப் பாலை அடியோடு விட வேண்டாம். சாப்பாட்டோடு அரை டம்ளர் குடித்தால் பலருக்குத் தாங்கும். தயிரிலும் மோரிலும் இந்தச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருப்பதால் ஒத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்லது.

கைக்குழந்தை விஷயம்தான் முக்கியம். வயிற்றுப்போக்கு வந்தால் குடலின் உள்பக்கம் புண்பட்டு லாக்டேஸ் குறையும். சில நாளில், சில வாரத்தில் தானே சரியாகும். அதற்குள், "தாய்ப்பால் சேரலை" என்று நிறுத்திவிட்டு வெறும் கஞ்சித் தண்ணியைக் கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறோம். மாமியார்மார் கோபிக்க வேண்டாம். பிள்ளை இன்னும் இளைத்துப் போகும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே ஓ.ஆர்.எஸ். கரைசல், கிராம சுகாதார செவிலியர் சொல்கிற அளவில் துத்தநாக மாத்திரை 14 நாள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த கூட்டமும் அதே வீட்டில்தான். பாலோடு ஒரு சொம்பு மோரும் வைக்கிறதாக அவங்களே சொல்லியிருக்காங்க.